உயரம் குறைந்த மலைதானே என்று நினைத்து ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

"இது என்ன பெரிய மலையா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். உயரக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் கேட்பது சரிதான். இலங்கையின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். அங்கே உச்சி பாதுகாப்புப் பகுதி, காட்டுக்குள்ளால் நடந்து ஏற வழியில்லை. நடந்து ஏறக்கூடியவற்றில் உயர்ந்தது ஹோர்டன் சமவெளிப் பூங்காவுக்குள் இருக்கும் கிரிகல்பொத்த, 2,380 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். நக்கிள்ஸ் தொடரின் உச்சிகள் இவற்றை விடவும் தணிவு. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே அந்தக் கவலை இங்கே இல்லை.

இங்கே ஆளை விழுத்துகிறவை மூடுபனி, ஈரம், இருட்டு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வருடமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிற எனக்கு இந்த மூன்றும் பழக்கம். கொழும்பிலிருந்து இரவு வான் வண்டியில் ஏறி, விடியும்போது ஹோர்டன் சமவெளிக்குப் போகும் வழியிலுள்ள பட்டிப்பொலவில் இறங்குகிறவருக்கு மூன்றும் புதிது. அவர் இறங்கும் ஊரின் ரயில் நிலையமே நாட்டில் ஆக உயரமானது, 1,891 மீட்டர். அங்கே நின்று நடுங்கும்போதும் "வெயில் வந்தால் சரியாகிவிடும்" என்றுதான் சொல்வார்.

நேரத்தைத் தவறவிடுவது

பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். கிரிகல்பொத்தவுக்குப் போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. சமதரையில் பதினாலு கிலோமீட்டர் மூன்று மணித்தியாலம் என்று கணக்குப் போட்டு, ஒன்பது மணிக்கு ஆறுதலாக வாசலுக்கு வருகிறவர்கள் உண்டு. இந்தப் பாதை அப்படிப்பட்டதல்ல. முதலில் புல்வெளி, இடையில் சதுப்பும் ஓடைகளும், கடைசியில் வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய ஈரக் காடு. பழக்கமில்லாத கூட்டத்துக்குப் போய்வர ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். பத்து மணிக்குப் பிறகு எந்த நேரத்திலும் பனி மூடலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பின்னேரம் இடி மின்னலோடு மழை கொட்டும். அந்த நேரத்தில் மொட்டை மேட்டில் நிற்கக் கூடாது.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி நீளாது. ஆறு, ஆறரைக்குச் சூரியன் போனால் அரை மணித்தியாலத்துக்குள் கண் தெரியாது, காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். போனில் இருக்கும் டோர்ச்சை நம்பி வருவது பெரிய தவறு. குளிரில் பற்றரி வேகமாக இறங்கும், கையில் போனைப் பிடித்துக்கொண்டு வேரைப் பிடிக்கவும் முடியாது. தலையில் கட்டும் டோர்ச் ஆளுக்கொன்று வேண்டும், பகல் பயணம் என்றாலும்.

நான் செய்வது இதுதான். ஏறத் தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்தி, "பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம், சம்மதமா?" என்று கேட்பேன். வாயால் சம்மதம் என்று சொன்ன பிறகுதான் நடை. ஏனென்றால் மேலே போனதும் பேச்சு மாறும்.

"அண்ணா, உச்சி அந்தா தெரியுது. பத்து நிமிஷம்தானே?"

"தெரியிறது உச்சி இல்ல தம்பி. அதுக்கு முன்னால இருக்கிற மேடு."

அந்த மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதற்குப் பின்னால்தான் மலை. கீழே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மேட்டிலேயே திரும்பி வந்தவர்கள் அன்றைக்கு என்னோடு கோபித்தாலும், அடுத்த வருடம் திரும்ப வந்து ஏறியிருக்கிறார்கள்.

ஈரத் துணி

ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை பாகை வெப்பம் குறையும். கொழும்பில் 30 பாகை என்றால் கிரிகல்பொத்தவில் சுமார் 15. மழையும் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அதைவிட எவ்வளவோ குளிராகப் படும். வெப்ப நாட்டில் குளிரால் சாவு வருமா என்று கேட்பார்கள். வரும். அதற்கு உறைபனி தேவையில்லை, நனைந்த உடம்பும் காற்றும் போதும்.

ஒரு ஏப்ரல் மாதம் ஆறு பொடியன்மாரோடு போனோம். நானும், என்னை விட வயதில் மூத்த ஒரு பெரியவரும். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு தம்பி ஜீன்ஸும் பருத்தி டீசேர்ட்டும் போட்டு வந்திருந்தார். மழைக்கோட்டு வான் வண்டியிலேயே கிடந்தது. திரும்பும் வழியில் ஒன்றரை மணித்தியாலம் மழை. முதலில் அவருக்குப் பல் கிட்டியது. கேட்டால் "ஒண்டுமில்ல அண்ணா, நல்லாத்தான் இருக்கிறன்" என்றார். பிறகு பார்த்தேன், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து சேற்றில் இழுபடுகிறது. கட்டச் சொன்னேன். குனிந்தார். இரண்டு விரலும் கயிற்றைத் தொடுகின்றன, பிடிக்க முடியவில்லை. மூன்று தரம் முயன்றுவிட்டு, கட்டாமலே எழும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. கூட வந்தவர்கள், "ஆ, இப்ப சரியாகிட்டான்" என்றார்கள்.

நடுக்கம் நின்றது சரியானதற்கு அடையாளம் அல்ல. நனைந்த உடம்போடு இருப்பவர் சூடேறாமலே நடுங்குவதை விட்டால், உடம்பு சூட்டை உண்டாக்கும் வேலையைக் கைவிடுகிறது என்று அர்த்தம். நாக்குக் குழறுவது, காரணமில்லாத எரிச்சல், தள்ளாடுவது எல்லாம் அதே கணக்கில் வரும். ஐயா பேச்சே இல்லாமல் ஒரு பாறை மறைவில் அந்தத் தம்பியை உட்கார்த்தி, நனைந்த மேல்துணியைக் கழற்றி, என் பையிலிருந்த காய்ந்த சேர்ட்டைப் போட்டுவிட்டார். தன் பையிலிருந்து பழைய கம்பளி ஒன்றை எடுத்துத் தலையோடு சுற்றினார். அந்தக் காலத்தில் மழைக்கு மலையில் வேலைக்குப் போனவர்கள் போட்ட அதே கம்பளி. கீழே ஈரம் ஏறாமல் இரண்டு பையை விரித்தோம். இனிப்பு அதிகம் போட்ட பிளேன்டீயை மிடறு மிடறாகக் கொடுத்தோம். இரண்டு பேர் இரு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தார்கள். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் திரும்பவும் நடுங்கத் தொடங்கினார். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டுக்குப் போடும் பொலியெஸ்டர் துணி சீக்கிரம் காயும். கம்பளி நூல் நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். மழைக்கோட்டு, ஒரு சுவெட்டர், இரண்டு மடங்கு பொலித்தீனில் சுற்றிய ஒரு காய்ந்த சேர்ட், இவ்வளவும் பையில் இல்லாத ஆளை நான் இப்போது கூட்டிப்போவதில்லை. சிவனொளிபாத மலைக்கும் இதே விதி. இரவு முழுக்க வேர்க்க வேர்க்கப் படி ஏறிவிட்டு, சூரிய உதயத்துக்காக உச்சிக் காற்றில் ஈரச் சேர்ட்டோடு ஒன்றிரண்டு மணித்தியாலம் நிற்பார்கள். உச்சிக்குப் போனதும் முதல் வேலை சேர்ட் மாற்றுவது. சாமி கும்பிடுவது அதற்குப் பிறகு.

வழிகாட்டியைச் சுமை தூக்குகிறவராக நினைப்பது

ஹோர்டன் சமவெளிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம், அங்கே உள்ளே போக வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. இதையெல்லாம் கேட்காமல் "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிறவரிடம் கவனமாக இருங்கள். கூலியை ஐந்நூறு, ஆயிரம் குறைப்பதற்காகப் பேரம் பேசுவதை விட, அந்த நேரத்தில் நாலு கேள்வி கேளுங்கள். இந்தப் பாதையில் கடைசியாக எப்போது போனீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? ஒருவருக்குக் கால் சுளுக்கினால் என்ன செய்வீர்கள்? எத்தனை பேருக்கு ஒரு ஆள் வருவீர்கள்? "எந்த மழையிலும் ஏற்றிவிடுவேன்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். நல்ல வழிகாட்டி முதலில் வானத்தைப் பற்றித்தான் பேசுவார்.

மூடுபனியில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான். வேகமான ஆள் முன்னே போய்விடுவார், மெதுவானவர் பின்தங்குவார், நடுவில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. புல்வெளியில் மரை மான்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள் மனிதப் பாதை போலவே தெளிவாக இருக்கும். அதில் ஒன்றில் இறங்கினால் கொஞ்சத் தூரத்தில் தடம் புதருக்குள் மறைந்துவிடும். திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் வெள்ளை. போனில் இறக்கிய பாதைக் கோடும் யாரோ பழைய வருடத்தில் நடந்த தடம்தான்.

அப்படி ஆகிவிட்டால் நின்ற இடத்தில் நில்லுங்கள். விசில் மூன்று தரம் அடித்து, ஒரு நிமிடம் காதைக் கொடுத்துவிட்டு, திரும்ப மூன்று தரம் அடியுங்கள். தேடி நடக்காதீர்கள். முக்கியமாக, தண்ணீர் போகும் பக்கமாகப் போனால் ஊர் வரும் என்று பெரியவர்கள் சொல்வதை இங்கே கேட்காதீர்கள். இந்தச் சமவெளி ஒரு மேசை போல, தெற்கு விளிம்பில் சடாரென்று முடிகிறது. "உலக முடிவு" என்று சொல்லும் இடத்தில் அந்த விளிம்பு 800 மீட்டருக்கு மேல் செங்குத்து. ஓடையைப் பிடித்து இறங்குகிறவருக்கு வழியில் நீர்வீழ்ச்சியோ அந்த விளிம்போதான் வரும்.

ஆறு, அட்டை, குளவி

நக்கிள்ஸ் பக்கம் போகிறவர்கள் ஓடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கித் தேத்தண்ணி நிறமாவது, இலையும் சுள்ளியும் அள்ளுண்டு வருவது, சத்தம் கனப்பது, இவை மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரைக்கு ஏற வேண்டும். காலையில் முழங்கால் அளவில் கடந்த ஓடை பின்னேரம் இடுப்புக்கு வந்திருந்தால் கடக்காதீர்கள். மழை விட்டுச் சில மணித்தியாலத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் ரொட்டியைச் சாப்பிடலாம்.

அட்டையால் யாரும் சாக மாட்டார்கள். நெருப்பால் சுடாதீர்கள், பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் அதன் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். நீளக் காலுறையும் அதில் பூசிய சவர்க்காரமும் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

குளவி அப்படியல்ல. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் மலையகத்தில் இல்லை, உயிரே போனதும் உண்டு. பாறை முகட்டிலும் உயர்ந்த மரத்திலும் கூடு தொங்கும். ட்ரோன் பறக்கவிடுவது, கல் எறிவது, புகை போடுவது, கடும் வாசனை பூசி வருவது எல்லாம் அதைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்க வேண்டாம். முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வேகமாக ஓட வேண்டும். நிறையக் கொட்டுப்பட்டவர், மூச்சு வாங்குகிறவர், முகம் வீங்குகிறவர் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டை லஞ்ச் சீட்டில் சுற்றி வராதீர்கள், ஹோர்டன் வாசலில் மெல்லிய பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள். டிபன் பெட்டியில் தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், கொஞ்சம் கித்துள் கருப்பட்டி போதும். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் ஆளுக்கு இரண்டு லீட்டர் தண்ணீர் வேண்டும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

அப்புறம், புறப்படுமுன் செய்ய வேண்டிய ஒன்றை அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. மேலே பல இடங்களில் சிக்னல் கிடையாது, நீங்கள் கூப்பிட முடியாதபோது உங்களுக்காகக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். என் விஷயத்தில் அந்த ஆள் என் மனைவி. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஏழு மணிக்குள் என் கோல் வராவிட்டால் யாரையும் கேட்காமல் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பேச்சு. இறங்கிச் சிக்னல் கிடைத்ததும், கூட்டம் தேத்தண்ணிக் கடைக்குப் போகும்போது, நான் முதலில் அவளுக்குத்தான் எடுப்பேன்.