கட்டுப்பாட்டு அறைத் திரைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979 மார்ச் 28, அதிகாலை நாலு மணி. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் திறந்த வால்வு ஒன்று திரும்ப மூடாமல் மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கான விளக்கோ அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றுதான் ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்குக்கு வால்வின் நிலையே தெரியாது. மூடச் சொல்லி மின் கட்டளை போயிருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலை மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

சொன்னதையே நடந்ததாகக் காட்டும் இந்தத் தவறு இன்றைய திரைகளிலும் சர்வ சாதாரணம். பட்டனை அழுத்திய கையோடு பம்ப் படம் பச்சையாகிவிடும். பம்ப் ஓடுகிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கட்டளையையும் வால்விலிருந்து திரும்பி வரும் தகவலையும் தனித்தனியாகக் காட்டுங்கள். நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கும் ஓர் அடையாளம் வேண்டும். குறித்த விநாடிகளுக்குள் இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த முரண்பாடுதான் கண்ணில் பட வேண்டும்.

வால்வில் உள்ள சென்சாரும் பொய் சொல்லலாம், சரி. அதனால்தான் பக்கத்துச் சாட்சிகளையும் அருகிலேயே வைக்க வேண்டும். அன்றைக்கு வெளியேறிய நீர் போய்ச் சேர்ந்த டேங்கின் அழுத்தமானி பிரதான பலகைக்குப் பின்புறம் இருந்தது. ஆபரேட்டர் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியாது. இதற்குப் பிறகும் 'மனிதத் தவறு' என்று எழுதி ஃபைலை மூடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்தது, ஒன்றாகப் பார்க்க வேண்டியதைப் பிரித்து வைப்பது. 2005 மார்ச்சில் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்று நிரம்பி வழிந்து, வெளியேறிய எரிபொருளின் ஆவி வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். உள்ளே திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று காட்டும் லெவல் கருவி அடியிலிருந்து சுமார் 10 அடி வரைதான் அளக்கும். திரவம் அதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது திரையில் லெவல் மெல்ல இறங்குவதாகத் தெரிந்தது. உள்ளே வரும் அளவு ஒரு திரையில், வெளியே போகும் அளவு வேறொரு திரையில். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, வித்தியாசத்தைக் கணினியே கழித்துக் காட்டியிருந்தால் கோபுரம் நிரம்புவது வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். பைப்லைன் வரைபடத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவரும் பழக்கம்தான் இதற்கு வேர். வரைபடம் ஆலையைக் கட்டியவர்களுக்கானது. ஆபரேட்டருக்கு வேண்டியது எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, மிச்சம் எங்கே என்பதற்கான பதில். கருவியின் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணை நம்பக்கூடாது என்றும் திரையே சொல்லியாக வேண்டும்.

அலாரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1994-இல் பிரிட்டனில் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. வடிவமைக்கும் கூட்டத்தில் ‘இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று ஆளுக்கொன்று சேர்ப்பதன் விளைவு இது. ஆபரேட்டர் உடனே செய்ய ஒரு வேலை இல்லையென்றால் அது அலாரமே இல்லை; பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தால் போதும்.

கடைசியாக, அமைதியை நல்ல சேதியாக நினைப்பது. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஓஹாயோவின் மின்கட்டுப்பாட்டு மையம் ஒன்றில் அலாரம் மென்பொருளே முடங்கிப்போனது. மின்பாதைகள் ஒவ்வொன்றாக விழ, திரை பேசாமல் இருந்தது. அன்று மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. தகவல் கடைசியாக வந்த நேரத்தைத் திரையில் காட்டுங்கள். வரத்து நின்றால் பழைய எண்கள் மங்கட்டும். அலாரம் மென்பொருள் உயிரோடு இருக்கிறதா என்று கவனிக்கும் வேலையை அதனிடமே விடாமல் வேறொரு கணினியிடம் கொடுங்கள்.