தோல் கயாக் கட்டுபவர்கள் சறுக்கும் இடங்கள்

மரச் சட்டகத்தில் தோல் போர்த்திய குறுகலான துடுப்புப் படகான ஆர்க்டிக் கயாக் ஒன்றைப் பழைய முறையில் கட்ட ஆசைப்படுபவர் முதலில் தேடுவது வரைபடத்தை. சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அருங்காட்சியகக் கயாக்கை அளந்து வரைந்த படம், என்றோ வாழ்ந்த ஒரு வேட்டைக்காரரின் உடம்புக்கு எடுத்த அளவு. போதாததற்கு, பழைய தோல் காய்ந்து சுருங்கிச் சட்டகத்தையும் கோணலாக்கியிருக்கும். அந்தக் கோணலையும் சேர்த்துக் கட்டுபவர்கள் உண்டு!

கிரீன்லாந்தில் வழங்கும் கணக்கு எளிது. இரு கைகளையும் விரித்தால் வரும் அளவைப்போல் மூன்று மடங்கு நீளம். இடுப்பளவோடு இரண்டு முஷ்டி சேர்த்தால் அகலம். சராசரி உயரம் உள்ளவருக்குச் சுமார் ஐந்து மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் வரும். அரை மீட்டர்தானா, கவிழ்ந்துவிடாதா என்று பயந்து பத்து செ.மீ. கூட்டுவதுதான் அடுத்த தவறு. அகலப் படகு அமைதியான நீரில் அசையாமல் நிற்கும், சரி. ஆனால் அலை சாயும் பக்கமெல்லாம் அதுவும் சாயும். குறுகலான படகை இடுப்பாலேயே நிமிர்த்திக்கொள்ளலாம். கவிழ்ந்தாலும் சுழன்று எழுவது எளிது. உறைபனிக் கடலில் நீந்திப் பிழைப்பதற்கு வழியில்லை. அதனால்தான் வேட்டைக்காரர்கள் துயிலிக் என்ற சீல் தோல் சட்டையை இருக்கை வளையத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே எழப் பழகினார்கள்.

அப்படி எழும்போது தொடை முட்டிப் பிடிப்பது மாசிக் என்ற வளைந்த குறுக்குச் சட்டத்தில். என் கணக்கில் படகிலேயே முக்கியமான மரம் இதுதான், அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். உயரமாக வைத்தால் தொடைக்குப் பிடிமானம் இருக்காது. வேட்டைப் படகைப்போல் மிகத் தாழ்வாக வைத்தால், நாற்காலியிலேயே வாழும் நம் கால்கள் உள்ளே போகாது. தோல் போர்த்துவதற்கு முன் சட்டகத்துக்குள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் திருகாணியும் பசையும். பெரும்பாலும் மரமே வளராத கிரீன்லாந்தில், சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளிக் கரை ஒதுங்கிய கட்டைகளை மர ஆணியாலும் கட்டுகளாலும் இணைத்தார்கள். அலையில் சட்டகம் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். விறைப்பாக்கிய இணைப்போ அந்த விசை முழுவதையும் ஓரிடத்தில் வாங்கி அங்கேயே வெடிக்கும். விலாச் சட்டங்களுக்குச் சூளையில் உலர்த்திய மரம் வேண்டாம், வளைக்கும்போதே முறியும். ஈரம் உலராத ஓக் அல்லது ஆஷ் மரத்தை ஆவியில் வேகவைத்து வளையுங்கள்.

அழகாக இருக்கிறதென்று அலாஸ்கா பக்கத்து அலூஷியன் தீவுகளின் அலூட் மக்களின் பிளவுபட்ட முன்முனையைக் கிரீன்லாந்துப் படகில் ஒட்டுவதும் வேண்டாத வேலை. இரண்டும் வெவ்வேறு கடலுக்குப் பிறந்தவை.

இன்று தோலுக்குப் பதில் நைலான் துணியைப் போர்த்திப் பூச்சு அடிக்கிறோம். நைலான் ஈரம் குடித்தால் தளரும், ஆகவே தொய்வில்லாமல் இழுத்துத் தையுங்கள். உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. தண்ணீர் புகுந்தால் முனைக்கு முனை நிரம்பிவிடும். முன்னும் பின்னும் காற்றுப் பை கட்டாமல் கரையை விட்டு நகராதீர்கள்.