மலைப்பாதை விபத்துக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க

குன்னூர் - மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வண்டி மோதினால் முதல் சிக்கல் காவல் நிலைய எல்லைதான். பர்லியார் நீலகிரி மாவட்டம். கீழே கல்லாறு கோவை. "எங்க லிமிட் இல்லை" என்று அனுப்பினால் நகராதீர்கள். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆவது பிரிவு. புகாரில் நேரம், வண்டி எண்ணோடு கொண்டை ஊசி வளைவின் எண்ணையும் எழுதுங்கள். பாதி இழுபறி அதிலேயே தீரும்.

சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்ப வேண்டாம். அது மனு வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே. காயத்துக்கு இழப்பீடு கேட்க எஃப்.ஐ.ஆர். வேண்டும். புகார்தாரருக்கு நகல் இலவசம், கையோடு கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் மாவட்டம், நிலையம், வழக்கு எண், ஆண்டு கொடுத்து எடுக்கலாம். பாலியல் குற்ற வழக்குகள் அதில் ஏறாது.

பதிய மறுத்தால் அதே புகாரை அந்த ஸ்டேஷன் உள்ள மாவட்டத்தின் எஸ்.பி. அலுவலகத்துக்கு (நீலகிரி என்றால் ஊட்டி) தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் போக அது கட்டாயம் உதவும்.