விற்கப்போகும் மலை வீட்டுக்குக் காண்ட்ராக்டர் பிடிக்கும்போது

நீலகிரியில் பழைய வீட்டைப் புதுப்பித்து விற்பதென்றால், காண்ட்ராக்டருக்குத் தண்ணீரை வெளியேற்றத் தெரியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்ட ஆள் கிடைக்கும். சுவரில் ஊறும் ஈரத்தை, அதாவது ஓதத்தை, நிறுத்தத் தெரிந்தவர் குறைவு. அவர் முடித்து ஒரு மழைக்காலம் தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மேட்டுப்பக்கச் சுவரில், தரையிலிருந்து இரண்டு அடி உயரம்வரை கையால் தடவுங்கள். பெயின்ட் உப்பியிருந்தாலோ, வெள்ளையாக உப்பு பூத்திருந்தாலோ வேறு ஆளைப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருபவர் நேரே கொல்லைப்பக்கம் போய், வெட்டிய சரிவுக்கும் சுவருக்கும் நடுவே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். "உள்ள வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சுட்டா போதும் சார்" என்பவரை நம்பாதீர்கள். வெளியே மண் ஒட்டியிருக்கும்வரை, பின்னாலிருந்து வரும் ஈரம் எந்தப் பெயின்டையும் தள்ளி உரித்துவிடும். ஒட்டிய மண்ணை எடுத்து, வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே, வாட்டத்தோடு வாய்க்கால் கட்ட வேண்டும். சரிவைத் தாங்கும் தடுப்புச்சுவரில், தண்ணீர் வெளியேற 5 அடிக்கு ஒன்றாக 3 இஞ்ச் பிவிசி குழாய், அதன் பின்னால் ஜல்லி. ஜல்லி போடாத குழாயைச் சேறு சீக்கிரம் அடைத்துவிடும். தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளும். மண் எடுக்க ஜேசிபி இறக்குவதானால் அனுமதி வேண்டும். "நான் பாத்துக்கறேன்" என்றாலும் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே வேலை தொடங்கட்டும்.

மராமத்துக்குச் சதுர அடி ரேட் பேசாதீர்கள். வேலைகளை நீங்களே பட்டியல் போட்டு, அதே பட்டியலுக்கு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். இங்கே சண்டை வரும் இடம் சுமைகூலி. லாரி ரோட்டிலேயே நின்றுவிடும். வீடு படிக்கட்டுக்குக் கீழே இருக்கும். மூட்டையும் எம்-சாண்டும் இறக்கிச் சேர்க்கும் கூலி யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். சிமென்ட் கணக்கையும் சரிபாருங்கள்: 1:4 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல்) 12 மி.மீ. பூச்சுக்கு 100 சதுர அடிக்குச் சுமார் ஒரு மூட்டை. அதில் பாதிதான் செலவானது என்றால் பூச்சு கையோடு உதிரும்.

புதிதாக ஓர் அறை சேர்த்தால் விலை ஏறும் என்று காண்ட்ராக்டர் ஆசை காட்டுவார். பிளான் அனுமதி இல்லாமல் சேர்த்த அறையால், வாங்குபவரின் பேங்க் லோன் நின்றுபோகலாம்.

குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெருமழை. கூடலூருக்கு ஜூன் முதல் செப்டம்பர்வரை. ஜனவரியில் தொடங்குவது நல்லது. ஊட்டிப் பக்கம் உறைபனி இருந்தால், வெளிப்பூச்சைக் காலையில் முடித்து இரவில் சாக்கு போட்டு மூடச் சொல்லுங்கள். பெயின்டுக்கு அவசரப்படக்கூடாது. இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒருநாள் கழித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

அட்வான்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதியை நாள் கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலையை அளந்து கொடுங்கள். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணிநேரம் தண்ணீர் கட்டிவைத்து, கீழே கசியவில்லை என்று பார்த்த பிறகே அந்தத் தவணை. கடைசி 10 சதவீதத்தை நல்ல மழை ஒன்று பெய்து முடியும்வரை பிடித்துவையுங்கள். முதல் மழைக்காலத்தில் ஒழுகினால், வீடு கைமாறியிருந்தாலும் வந்து சரிசெய்வதாக எழுதி வாங்கி, அதன் நகலை வாங்குபவரிடம் கொடுங்கள்.