பழைய பாணி பிக்கப் வாங்கமுதல்

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் சீசன் சூடுபிடிக்கிற நேரம் என் மேசைக்கு வருகிற கிற்றார்கள் பலவற்றுக்கு ஒரே கதை. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (ஸ்ட்ராட்) மலிவு நகல் ஒன்று, லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற மாமா அனுப்பின ‘விண்டேஜ்’ பிக்கப் செட் ஒன்று. பிக்கப் என்றால் ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சைகையாக்குகிற காந்தமும் சுருளும். “அண்ணா, இதைப் போட்டால் அந்தக் காலத்துச் சத்தம் வரும்தானே?” நானும் இதே கேள்வியோடு அலைந்தவன்தான், அதனால் ஏசமாட்டேன். எந்த வயரை எங்கே ஒட்டுவது என்பதை எந்தக் காணொளியிலும் பார்க்கலாம், அதை விடுவோம். காசைத் தின்கிற தவறுகள் வேறு.

ஓம் எண்ணைப் பார்த்து வாங்குவது

விளம்பரத்தில் முன்னுக்கு நிற்பது இந்த எண்தான்: 6.2 கிலோ ஓம், 7.8 கிலோ ஓம். எண் கூடினால் சத்தமும் கூடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

மல்டிமீட்டர் காட்டுவது சுருளில் இருக்கிற செப்புக் கம்பியின் தடையை மட்டும். கம்பி நீளமானாலும் எண் ஏறும், மெல்லியதானாலும் ஏறும். எதனால் ஏறியது என்று மீட்டர் சொல்லாது. கேஜ் என்பது கம்பியின் தடிப்பு எண்: 42 கேஜ் கம்பியைவிட 43 கேஜ் மெல்லியது, அதே நீளத்துக்குத் தடை ஏறத்தாழக் கால்வாசி அதிகம். ஃபெண்டர் டெலிகாஸ்டரின் கழுத்துப் பிக்கப் 43 கேஜில் சுற்றப்பட்டது. மீட்டரில், ஸ்ட்ரிங் முடிகிற பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்போடு போட்டிபோடும், சில வேளை முந்தியும் நிற்கும். வாசித்துப் பாருங்கள், பிரிட்ஜ்தான் அறையும். கிப்சனின் ஒற்றைச் சுருள் பி-90உம், 1950களின் நடுவில் அங்கே சேத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் ஹம்பக்கரும் 8 கிலோ ஓமை ஒட்டியே காட்டும். இரண்டையும் ஒரே சத்தம் என்று சொல்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

கேட்கவேண்டிய எண் சுருளின் தூண்டம் (இண்டக்டன்ஸ்), அதை ஹென்றியில் சொல்வார்கள். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப் 2 முதல் 2.5 ஹென்றிவரை இருக்கும், பழைய ஹம்பக்கர் 4ஐத் தாண்டும். அது ஏற ஏற மேல்சுரங்களின் மினுக்கம் குறையும். நல்ல தயாரிப்பாளர் கேட்டால் தருவார். கம்பி கேஜையும் காந்த வகையையும்கூட மறைக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கோயில் திருவிழாக்களில் வாசிக்கிற ஒரு தம்பி, தாளில் 6.0 என்று போட்டிருந்த செட்டை மீட்டரில் அளந்திருக்கிறார். 6.3 காட்டியது. “போலி அனுப்பிட்டாங்கள் அண்ணா!” விற்றவரோடு சண்டை, திருப்பி அனுப்பத் தபால் செலவு, வேறு செட்டுக்கு மறுபடியும் சுங்க வரி. அதுவும் 6.3! செப்பின் தடை பாகை செல்சியஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 வீதம் ஏறும். குளிர் நாட்டில் 20 பாகையில் 6.0 காட்டினது, திருகோணமலையில் தகரக் கூரைக்குக் கீழே 33 பாகையில் 6.3 காட்டாமல் என்ன செய்யும்? முதல் செட்டில் ஒரு பிழையும் இல்லை. அனுப்பமுதல் ஒருதரம் கேட்டிருக்கலாம்.

பிறகும் அந்தத் தம்பி அடங்கவில்லை. பிரிட்ஜுக்கு மட்டும் 9 கிலோ ஓமில் ‘விண்டேஜ் ஹொட்’ என்று ஒன்று எடுத்தார். பைலாவுக்கு அடிக்கிற கோர்ட் எல்லாம் கஞ்சியாய்க் கரைந்து, கடைசியில் அதையும் கழற்றினோம்.

மீட்டரை எறியச் சொல்லவில்லை. சுருள் அறுந்துவிட்டதா என்று பார்க்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

காந்தத் தண்டைத் தள்ளுவது

பழைய ஸ்ட்ராட் பிக்கப்பில் ஆறு காந்தத் தண்டும் ஒரே உயரத்தில் இல்லை. அந்தக் காலத்தில் மூன்றாவது ஸ்ட்ரிங்கான ஜியும் கம்பி சுற்றினதாக இருந்தது, அதற்கேற்ப அந்தத் தண்டை உயர்த்தி வைத்தார்கள். இன்றைய சுற்றாத ஜி அதன்மேல் கத்தும். உடனே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தண்டை அமுக்குவார்கள். ஃபைபர் தட்டில் செய்த பிக்கப்பில் முடிபோல மெல்லிய கம்பி நேரே காந்தத்தின்மேல்தான் சுற்றியிருக்கிறது. தண்டு அசைந்தால் கம்பி அறும், செட்டில் ஒன்று செத்துவிடும். ஆறு தண்டும் ஒரே மட்டத்தில் உள்ள செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வாசித்து முடிந்ததும் தண்டுகளைத் துணியால் துடையுங்கள். அந்தத் தண்டுகளின் கலப்புலோகமான அல்னிகோவில் இரும்பு இருக்கிறது, எங்கள் கடற்காற்று அதைச் சும்மா விடாது.

நடுப் பிக்கப்

அசலைப் போலவே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரைச்சலும் அசலாகவே வரும். மற்ற இரண்டுக்கும் எதிராகச் சுற்றி, காந்த முனையையும் எதிராக வைத்த நடுப் பிக்கப் என்றால், அது பக்கத்துப் பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கிற சுவிட்சின் இரண்டாம் நான்காம் நிலைகளில் 50 ஹேர்ட்ஸ் உறுமல் அடங்கும். திருவிழாவில் ஜெனரேட்டருக்கும் ரியூப் லைட்டுக்கும் பக்கத்தில் வாசிக்கிறவருக்கு இது ஆடம்பரம் இல்லை. அறுபதுகளில் மூன்று நிலை சுவிட்ச்தான் இருந்தது என்று சொல்லாதீர்கள், உங்கள் கிற்றாரில் ஐந்து நிலை இருக்கிறது.

மெழுகு

பழைய ஹம்பக்கரின் சுருளுக்கு மெழுகு ஊற்றவில்லை. அம்ப்புக்கு முன்னால் ஒடுங்கி நின்று வாசிக்கிறவர்கள் மெழுகு ஊற்றினதையே எடுங்கள், இல்லாவிட்டால் வீரிடும்.

பொட்

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்குக் கீழே இருக்கிற மாறுதடைதான் பொட். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500.

அளவு

முதலில் கிற்றாரில் இருக்கிற பிக்கப்பை அடிமட்டத்தால் அளந்துபாருங்கள், பிறகு ஓடர் பண்ணுங்கள்.

உயரம்

மலிவு கிற்றாரில் அநேகமாக இரும்புத் தண்டுகளுக்குக் கீழே செரமிக் காந்தம் ஒட்டியிருக்கும். அல்னிகோ 5 தண்டு ஸ்ட்ரிங்கை அதைவிட வலுவாக இழுக்கும். பழைய உயரத்திலேயே மாட்டினால் தடித்த ஈ ஸ்ட்ரிங் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே ஒன்றுக்கு இரண்டு சுரமாய் அலையும், டியூனரும் நிலைகொள்ளாது. கடைசி ஃபிரெட்டை அமுக்கிக்கொண்டு, தடித்த பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். பிறகு அரைச் சுற்று அரைச் சுற்றாய் உயர்த்தி, அலைச்சல் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள்.