கொகடெண்டே போய்த் திரும்புவது எப்படி? வட செரங்கெட்டிப் பயணத்துக்கான போக்குவரத்துத் திட்டம்

வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் கூட்டம் மாரா ஆற்றில் குதித்து நீந்தும் காட்சியைப் பார்க்கத் தான்சானியா போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தங்கும் முகாமைப் பதிவு செய்கிறார்கள், அப்புறம் சர்வதேச விமானம் எடுக்கிறார்கள், கடைசியாகத்தான் "அங்கே எப்படிப் போவது?" என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இந்தப் பயணத்தின் பெட்டி, நேரம், நாள் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஊரிலிருந்து கிளம்பும் பெரிய விமானம் அல்ல, மண் ஓடுதளத்தில் இறங்கும் பன்னிரண்டு பதின்மூன்று இருக்கை கொண்ட செஸ்னா கேரவன் என்னும் சிறு விமானம்.

ஆற்றைக் கடக்கும் காட்சி நடப்பது செரங்கெட்டி தேசியப் பூங்காவின் வடகோடியில், கொகடெண்டே பகுதியில். காலம், ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை. கீழே உள்ளது அந்த இடத்துக்கான திட்டம்.

படி 1: பெயர்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

முதல் குழப்பம் இறங்கும் ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. வட தான்சானியாவில் இந்தப் பயணம் தொடங்கும் அருஷா நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள். சர்வதேச விமானங்கள் இறங்குவது கிளிமஞ்சாரோவில் (குறியீடு ஜே.ஆர்.ஓ.). அது நகரத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். சிறு விமானங்கள் பெரும்பாலும் கிளம்புவது அருஷா விமான நிலையத்திலிருந்து (ஏ.ஆர்.கே.). அது நகரத்துக்கு மேற்கே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நகர நெரிசலைத் தாண்டியாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சில சிறு விமானங்கள் கிளிமஞ்சாரோவிலும் இறங்கி ஏறும். கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் அரை நாள் மிச்சம்.

அடுத்தது ஓடுதளம். "செரங்கெட்டி விமானம்" என்று ஒன்று கிடையாது. பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். நடுவில் செரோனெரா, வடக்கில் கொகடெண்டே, வடகிழக்கில் லோபோ, தெற்கில் குசினி என்று ஓடுதளங்கள் சிதறிக் கிடக்கின்றன. செரோனெராவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டுக் கொகடெண்டே முகாமுக்குப் போக நினைத்தால், இறங்கிய இடத்திலிருந்து அரை நாள் ஜீப் பயணம்.

இதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் கூடார முகாம்கள் பல. ஒரே பெயரில் ஜனவரியில் தெற்கே நிடுட்டுவில் இருக்கும், ஆகஸ்டில் வடக்கே மாரா ஆற்றோரம் இருக்கும். முகாமின் பெயரை வைத்து ஓடுதளத்தை ஊகிக்காதீர்கள். "இன்ன தேதியில் உங்களுக்கு எந்த ஓடுதளம், அங்கிருந்து எத்தனை நிமிடம்?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முகாம் ஆற்றுக்கு வடக்கே லமாய் பக்கமா, தெற்குக் கரையா என்பதையும் கேளுங்கள். ஆறு பெருகினால் தரைப்பாலம் மூழ்கும். அக்கரை முகாமுக்குப் போவது அன்றைக்குச் சிரமம்.

படி 2: திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியை மட்டும் காகிதத்தில் எழுதிச் செய்யுங்கள். உங்கள் சர்வதேச விமானம் கிளிமஞ்சாரோவில் மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நிலையத்தில் இருக்க வேண்டியது 3 மணிக்கு. அருஷா நிலையத்திலிருந்து சாலையில் ஒன்றரை மணி, ஆகவே 1.30க்குக் கிளம்ப வேண்டும். சிறு விமானம் தாமதமாகலாம் என்று ஒன்றரை மணி கழித்தால், அது 12 மணிக்குள் அருஷாவில் இறங்க வேண்டும். கொகடெண்டேயிலிருந்து நேராக வந்தால் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ஆனால் இது டவுன் பஸ் மாதிரி. வழியில் செரோனெராவிலோ வேறெங்கோ ஆள் இருந்தால் இறங்கி ஏற்றிக்கொண்டுதான் வரும். இரண்டு, இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 9.30க்குப் புறப்பாடு. முகாமிலிருந்து ஓடுதளத்துக்கு ஒரு மணி, அரை மணி முன்னதாக நிற்க வேண்டும். ஆக, காலை 8 மணிக்கு முகாமை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கடைசி நாள் காலையில் விலங்குகளைப் பார்க்கப் போகும் சவாரி இதில் போய்விட்டது.

உங்கள் சர்வதேச விமானம் மாலை 4 மணிக்கு முன்னால் என்றால், இந்தக் கணக்கு தேறாது. முந்தைய நாளே அருஷா வந்து ஓர் இரவு தங்குங்கள். நள்ளிரவையொட்டிய விமானம் என்றால் மதியச் சிறு விமானத்தில் வரலாம். இருந்தாலும் காலை விமானத்தைப் பிடிப்பதே நல்லது. காரணம், இந்த மண் ஓடுதளங்களில் விளக்கு கிடையாது. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். இருட்டுவதற்குள் வரவில்லை என்றால் அன்றைக்கு வராது.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் மேகம். ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் மேரு மலையடிவாரத்தில் உள்ள அருஷாவில் மேகம் தாழ்ந்து மூடிக்கிடக்கும். கொகடெண்டேயில் வெயில் பளீரென்று அடிக்கும். உங்களை ஏற்ற வேண்டிய விமானம் அருஷாவில் மேகம் விலகக் காத்துக்கொண்டிருக்கும்.

சிறு விமானமும் சர்வதேச விமானமும் தனித்தனி டிக்கெட். ஒன்று தாமதமாகி மற்றது தவறினால் யாரும் பொறுப்பல்ல.

படி 3: சாலையா, விமானமா?

அருஷாவிலிருந்து கரட்டு ஊர், ங்கொரோங்கொரோ பாதுகாப்புப் பகுதி வழியாகச் செரோனெரா 330 கிலோமீட்டர் அளவு. ங்கொரோங்கொரோ நுழைவாயில் வரை தார்ச்சாலை. அதற்கப்புறம் தகரக்கூரை மாதிரி வரிவரியாக எழுந்த சரளைப் பாதை. மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியும் முதுகெலும்பில் எண்ணிக்கை வைக்கும், ஆகவே ஓட்டுநர்கள் சற்று வேகமாகத்தான் ஓட்டுவார்கள். செரோனெரா வரவே 7–8 மணி நேரம். அங்கிருந்து கொகடெண்டே இன்னும் அரை நாள். பூங்காவுக்குள் இரவில் வண்டி ஓட்ட அனுமதி இல்லாததால் ஒரே நாளில் முடிப்பது நடவாத காரியம். நடுவில் ஓர் இரவு கட்டாயம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது: போகும்போது சாலை, திரும்பும்போது விமானம். போகிற வழியில் தரங்கிரே பூங்கா, ங்கொரோங்கொரோ எரிமலைப் பள்ளம், நடுச் செரங்கெட்டி என்று ஐந்தாறு நாளில் மெல்ல வடக்கே ஏறலாம். அந்தச் சரளைச் சாலையில் அதே தூசியைத் திரும்பவும் இரண்டு நாள் விழுங்குவதில் எந்தப் பயனும் இல்லை.

செலவு பாதியாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் பறந்துவிட்டாலும் வண்டியும் ஓட்டுநரும் காலியாக அருஷா திரும்ப வேண்டும். அந்த நாட்களுக்கான வாடகை உங்கள் கணக்கில்தான் வரும். விலைப்பட்டியலில் அது தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாலை வழியில் ங்கொரோங்கொரோவைச் சும்மா கடந்து போவதற்கே தலைக்குக் கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூங்காக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கு. நேற்று பகல் 11க்கு நுழைந்தவர் இன்று 11க்குள் வெளியேற வேண்டும். மதியச் சாப்பாட்டுக்காக ஒரு மணி நேரம் தங்கினால் இன்னொரு நாள் கட்டணம். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை. உங்கள் பயண நிறுவனம் முன்கூட்டியே கட்டி ரசீது கொண்டுவர வேண்டும்.

வேறு பருவத்தில் சாலை வழியாகப் போக நினைத்தால் கவனியுங்கள்: மார்ச் முதல் மே வரை நீள்மழைக் காலம். கரிசல் மண் உள்ள இடங்களில் வண்டி அச்சு வரை இறங்கும். நம் ஊர்க் கரிசலில் மழைக்குப் பின் டிராக்டர் மாட்டியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கென்யா பக்கமிருந்து வரலாமா?

வரைபடத்தைப் பார்த்தால் மசாய் மாரா கூப்பிடு தூரம். மாராவில் இரண்டு நாள், அப்படியே ஜீப்பில் எல்லையைத் தாண்டிக் கொகடெண்டே என்று திட்டம் போடுகிறவர்கள் ஏராளம். நடக்காது. இரண்டு பூங்காக்களுக்கும் நடுவே சுற்றுலாப் பயணிகள் கடக்கும் வழி திறக்கப்படவில்லை. உள்ள வழி இது: மாராவிலிருந்து சிறு விமானத்தில் கென்யாவின் மிகோரி; அங்கிருந்து வண்டியில் இசெபானியா எல்லையில் குடியேற்றச் சோதனை; அப்புறம் தான்சானியாவின் தரிமேவிலிருந்து இன்னொரு சிறு விமானத்தில் கொகடெண்டே. காலையில் கிளம்பினால் பிற்பகலில் சேரலாம், மூன்று துண்டுகளும் சரியாகக் கோத்திருந்தால். தனித்தனியாக நீங்களே பதிவு செய்யாதீர்கள். மூன்றையும் ஒரே கையில் கொடுங்கள்.

படி 4: 15 கிலோ

சிறு விமானங்களில் வழக்கமான வரம்பு தலைக்கு 15 கிலோ, கைப்பையும் கேமராவும் உட்பட. பை துணியால் ஆனதாக, அழுத்தினால் அமுங்குவதாக இருக்க வேண்டும். செஸ்னாவின் சரக்கு அறை விமானத்தின் வயிற்றுக்கடியில் உள்ள தட்டையான பெட்டி. சக்கரமும் சட்டமும் உள்ள சூட்கேஸ் எடை குறைவாக இருந்தாலும் அதற்குள் நுழையாது.

வீட்டுத் தராசில் இப்படி நிறுத்துப் பாருங்கள்: காலிப் பை 1 கிலோ, உடைகள் 4.5, குளிருக்கான மேல்சட்டை 0.8, காலணி 1.2, கேமராவும் ஒரு நீள லென்சும் 3.5, தொலைநோக்கி 0.8, மருந்தும் சோப்புச் சாமான்களும் 1.2, சார்ஜர் பவர்பேங்க் 0.8. மொத்தம் 13.8. மீதி 1.2 கிலோ திரும்பும்போது வாங்கிவரும் சாமானுக்கு. உடை நான்கு செட் போதும், பெரும்பாலான முகாம்களில் துவைத்துத் தருவார்கள். பெரிய லென்ஸ் வேண்டும் என்றால் சரக்குக்காக ஓர் இருக்கையைக் கூடுதலாக விலைக்கு வாங்கலாம். முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். மற்ற பெட்டிகளை அருஷா ஓட்டலில் விட்டுச் செல்லுங்கள். ஆனால், போனது அருஷா வழி, திரும்புவது சான்சிபார் வழி என்றால் அந்தப் பெட்டி அருஷாவிலேயே கிடக்கும். இதைக் கடைசி நாளில் கண்டுபிடிக்கிறவர்கள் அநேகம்.

தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. துணிகளைக் கேரி பேக்கில் சுற்றி அடுக்கும் பழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

படி 5: விமானம் மாறும் இடத்தைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசி

எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பரவும் அபாயம் உள்ள நாடுகள். அங்கிருந்து வருகிறவர்களிடமும், அங்கே விமானம் மாறும்போது 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்களிடமும் தான்சானியா ஊசி போட்ட சான்றிதழ் கேட்கும். இந்தியா திரும்பும்போதும் கேள்வி வரும். சான்றிதழ் இல்லாதவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ மாறுவதாக இருந்தால் போட்டுக்கொள்வதே நிம்மதி. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும்.

மருத்துவ விமான மீட்பு உள்ள காப்பீடும் இப்போதே எடுங்கள். நைரோபியிலிருந்து இயங்கும் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர்களின் பயணிகள் திட்டம் இதற்கென்றே உள்ளது.

படி 6: அந்த நாளில்

விமான நேரம் முந்தைய நாள் மாலையில்தான் உறுதியாகும். முகாம் மேலாளரிடம் கேட்டுக்கொண்டு படுக்கப் போங்கள்.

நேரம் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. சுவாகிலி மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. "சா மோஜா" என்றால் மணி ஒன்று, அதாவது நம் காலை 7. "சா தாத்து", மணி மூன்று, என்றால் காலை 9. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மரபில் வந்தவர்களுக்குத் தர்க்கம் புரியும், ஆனாலும் விமானம் தவறும். ஓட்டுநர் ஆங்கிலத்தில் சொன்னாலும் கைக்கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். டிக்கெட்டில் அச்சாகியிருப்பது வழக்கமான மணிதான்.

ஓடுதளத்தில் பெரிய கட்டடம் எதிர்பார்க்காதீர்கள். வண்டியிலேயே காத்திருங்கள். விமானம் இறங்குவதற்கு முன் யாராவது ஜீப்பை ஓட்டி ஓடுதளத்தில் மேயும் விலங்குகளை விரட்டுவார்கள். இறங்கியதும் விமானி கையில் உள்ள தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தாளில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். முன்னெழுத்து, தந்தை பெயர் குழப்பம் நம்மவர்களுக்கு அதிகம். ஏறுவதற்கு முன் "அருஷாவா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சில நேரம் அடுத்தடுத்து இரண்டு விமானங்கள் இறங்கும், இரண்டாவது சான்சிபார் போகும்.