குடாநாட்டுக் கிணற்று நீருக்குக் கொள்கை வகுக்கும் முறை

பாசன வேளாண்மையின் நீர்ப் பயன்பாட்டையும் மாசையும் ஒழுங்குபடுத்த விதி எழுத முனைபவர், தாம் எழுதும் நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை செம்மண்ணூடாகச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வீட்டுக் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். பயிர் எடுத்துக்கொள்ளாத பசளையோ நைத்திரேற்றாக மாறி, மிகையாகப் பாய்ச்சிய நீரோடு கிணற்றுக்கே திரும்பும். ஆகவே நீருக்கு ஒரு சட்டம், மாசுக்கு இன்னொரு சட்டம் என்று இங்கு பிரித்து எழுதுவதில் பயனில்லை.

அடுத்தது அளவீடு. மாரிக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் உவர்த்தன்மையையும் நைத்திரேற்றையும் அளந்து பதிய வேண்டும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவது எவ்வளவு, தோட்டத்திலிருந்து இறங்குவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பழி முழுவதையும் கமக்காரர் மேல் போட்டால், முதல் கூட்டத்திலேயே கொள்கை தோற்றுவிடும்.

எதைக் கட்டுப்படுத்துவது என்பதே கடினமான முடிவு. ஆலைக் கழிவைக் குழாய் வாயில் அளக்கலாம். பாத்திக்கு அடியில் இறங்குவதை ஒவ்வொரு தோட்டத்திலும் அளக்க முடியாது. எனவே கண்ணுக்குத் தெரியும் ஒன்றை விதி பற்றிக்கொள்ள வேண்டும்: விற்கப்படும் பசளையின் அளவு, பாய்ச்சும் முறை, நடவுத் தேதி. நிலத்தடி நீரைக் காக்க இந்தியப் பஞ்சாப் 2009 இல் இயற்றிய சட்டம் ஜூன் 10க்கு முன் நெல் நடுவதைத் தடுத்தது; மீட்டர் தேவைப்படவில்லை, வயலைப் பார்த்தாலே மீறல் தெரிந்தது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் கோதுமை விதைப்புக்கு முந்திய இடைவெளி சுருங்கி, அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் நெல் தாளை எரிப்பது மோசமானது. இத்தகைய பக்கவிளைவை முன்கூட்டியே தேடுவதும் வகுப்பவரின் வேலைதான்.

விலையைக் கையாளும்போது வேகம் முக்கியம். இலங்கையில் 1962 முதல் வழங்கப்பட்ட பசளை மானியம் தாராளப் பயன்பாட்டைப் பழக்கியது; 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடுத்ததோ விளைச்சலை வீழ்த்தி, நவம்பரிலேயே தளர்த்தப்பட்டது. மானியத்தை மண் பரிசோதனை முடிவோடு இணைத்து, போகம் போகமாகக் குறைப்பதே என் பரிந்துரை. சூரிய சக்திப் பம்பிக்கு நிபந்தனையின்றி மானியம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் எரிபொருள் செலவு இறைப்புக்கு இட்டிருந்த கடிவாளத்தை அது அறுத்துவிடுகிறது. சொட்டு நீர்ப்பாசனத்துக்கு மாறுபவருக்கே அதைக் கொடுக்கலாம்; மிச்சப்படும் நீரில் புதுக் காணி திறக்கப்படாதபடி பரப்புக்கும் வரம்பு வேண்டும்.

கண்காணிப்பைக் கமக்காரர் அமைப்புகளோடு பகிர்ந்து, முதல் மீறலுக்கு எச்சரிக்கையும் தொடர்ந்தால் மானிய இழப்பும் என வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். விதி எதுவாயினும், விதை வெங்காயம் வாங்கும் காலத்துக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும்.